எச்சரிக்கை: தோய்ச்சலில் குறையில்லை, இரும்பே பொய்

கத்தி செய்ய வாங்கிய எஃகுப் பட்டை போலி என்று நேற்று இரவுதான் உறுதியானது. அந்த ஆத்திரம் ஆறுவதற்குள் எழுதுகிறேன். வீட்டில் கத்தி செய்கிறவர்கள் படியுங்கள். பட்டை வாங்கும்போது என்னென்ன பார்க்க வேண்டும் என்று கடைசியில் விவரமாகச் சொல்கிறேன்.

கைவினைச் சாமான்கள் விற்கும் ஓர் இணையச் சந்தையில் '1084 எஃகு' என்று போட்டிருந்த ஆறு பட்டைகள் வாங்கினேன். அரை மாதச் சம்பளம் போனது. 1084 என்றால் கார்பன் 0.8 சதவீதத்துக்குக் குறையாது, சின்ன உலையிலேயே தோய்ச்சல் ஏறும், அதாவது சூடேற்றி எண்ணெயில் முக்கினால் கடினமாகும். அதனால்தான் புதிதாகப் பழகுகிறவர்களுக்கு அதைச் சொல்வார்கள். சான்றிதழ் கேட்கத்தான் விற்பவருக்குப் போன் செய்தேன். "நானும் கத்தி அடிக்கிறவன்தான் தம்பி, என் வீட்டுச் சமையல் கத்தியே இந்தப் பட்டைதான்" என்றார். அந்தத் 'தம்பி'யில் விழுந்துவிட்டேன். சான்றிதழைக் கேட்காமலே பணத்தைப் போட்டேன்.

முதல் கத்தியைக் காந்தம் ஒட்டாமல் போகும் 770 டிகிரியையும் தாண்டி 815 வரை ஏற்றி, இளஞ்சூடான எண்ணெயில் முக்கினேன். கடினம் ஏறியிருந்தால், ஆறியதும் அரம் அதன் மேல் கண்ணாடியில் போவது போல வழுக்க வேண்டும். வழுக்கவில்லை, நறுக்கென்று கடித்தது. சாம்பல் நிறத் தூள் விரலில் ஒட்டியது. சூட்டில் மேல்தோலின் கார்பன் எரிந்திருக்கும் என்று நினைத்து, அரை மில்லிமீட்டர் தேய்த்துவிட்டு மறுபடி வைத்தேன். மறுபடியும் கடித்தது. இரண்டாவது கத்தியும் மூன்றாவது கத்தியும் அப்படியேதான். மூன்று வாரம் என் கையையே சந்தேகப்பட்டேன்.

விற்பவரைக் கேட்டால் "எண்ணெய் சரியில்லை" என்றார். வேறு எண்ணெய் வாங்கினேன். அப்புறம் "சூடு போதவில்லை". அப்புறம் "பட்டையை வெட்டிவிட்டீர்கள் சார், திருப்பி எடுக்க முடியாது". தம்பி போய் சார் வந்துவிட்டது! வெட்டாமல் எப்படி ஐயா கத்தி செய்வது? சந்தைக்காரர்கள் கெடு முடிந்துவிட்டது என்று ஒரே வரியில் கை கழுவினார்கள். அரை மாதச் சம்பளம், கேட்க ஆளில்லை.

நேற்று ஒரு பழைய அரத்தையும் மீதிப் பட்டையையும் அடுத்தடுத்து கிரைண்டரில் பிடித்தேன். கார்பன் நிறைந்த அரத்திலிருந்து பொறி கிளை கிளையாக வெடித்துச் சிதறியது. பட்டையில் நீளக் கோடுகள் மட்டும்தான், வெடிப்பே இல்லை என்று சொல்லலாம். எண்ணெயில் முக்கிய கத்தி ஒன்றை வைஸில் இறுக்கி வளைத்தேன். டெம்பர் செய்யாத, அதாவது தோய்ச்சலுக்குப் பிறகு மிதமாகச் சூடேற்றி முறுக்கைக் குறைக்காத 1084 பட்டென்று முறிந்திருக்கும். இது கம்பி மாதிரி வளைந்து அப்படியே நின்றது. கார்பன் குறைந்த, தோய்ச்சல் ஏறாத சாதா மைல்டு ஸ்டீல்.

விவரமாக எழுதுவதாகச் சொன்னேன், இப்போது கை ஓடவில்லை. இவ்வளவு மட்டும்: முதலில் ஒரே ஒரு பட்டை வாங்குங்கள். வந்த அன்றே ஓரத்தில் ஒரு துண்டு நறுக்கி, சூடேற்றி, முக்கி, சுத்தியலால் உடைத்துப் பாருங்கள். உடையவில்லையென்றால் அந்தக் கடைப்பக்கமே போகாதீர்கள். போனில் பேசாதீர்கள், எல்லாம் எழுத்தில் வாங்குங்கள். என்னிடம் ஒரு வரிகூட இல்லை.

மிச்சம் மூன்று பட்டைகள் உலைக்குப் பக்கத்தில் கிடக்கின்றன. அரை மாதச் சம்பளம்.