எம்2-வும் பிஎம்2-வும்: ஃப்ளூ வைரஸின் இரண்டு புரோட்டான் வாய்க்கால்கள்

அமான்டடின் 1966-இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்ற மருந்து. அது ஏ வகை இன்ஃப்ளூயன்சாவுக்குத்தான் கேட்டது. பி வகையிடம் ஒருபோதும் எடுபடவில்லை. இத்தனைக்கும் அந்த மருந்து ஏ வகையில் அடைக்கும் வாய்க்காலுக்கு இணையான ஒன்று பி வகையிலும் இருக்கிறது, அதே வேலையைச் செய்கிறது.

அந்த வேலை இதுதான். செல் வைரஸை எண்டோசோம் என்ற பைக்குள் விழுங்குகிறது. பைக்குள் அமிலம் ஏறியதும் வைரஸ் உறையிலுள்ள வாய்க்கால் திறந்து புரோட்டான்களை (அமிலத்தன்மை தரும் ஹைட்ரஜன் அயனிகளை) உள்ளே விடுகிறது. அப்போதுதான் உறைக்கு உட்புறம் இருக்கும் எம்1 புரதத்தின் பிடி தளர்ந்து, வைரஸின் மரபணுக்களைச் சுமக்கும் ஆர்என்ஏ பொதிகள் விடுபட்டு உட்கருவுக்குப் போக முடியும். ஏ வகையில் இதைச் செய்வது எம்2 (97 அமினோ அமிலங்கள்), பி வகையில் பிஎம்2 (109). இரண்டுமே நான்கு புரத இழைகள் கூடி அமைந்த குழாய்கள். ஒவ்வொரு இழையிலும் ஹிஸ்டிடின் என்ற அமினோ அமிலம் ஒன்று, அதிலிருந்து நான்காம் இடத்தில் டிரிப்டோஃபான் என்ற இன்னொன்று: எம்2-வில் 37, 41-ஆம் இடங்களில், பிஎம்2-வில் 19, 23-ஆம் இடங்களில். ஹிஸ்டிடின் புரோட்டானை ஏற்றுக் கைமாற்றுகிறது, டிரிப்டோஃபான் கதவாக நிற்கிறது.

இந்த மையத்தைத் தாண்டினால் ஒற்றுமை வெகுவாகக் குறைந்துவிடுகிறது. என்னை மிகவும் ஈர்ப்பது குழாயின் உட்சுவர். எம்2-வின் சுவரில் வாலின், அலனின், கிளைசின் போன்ற நீர் ஒட்டாத அமினோ அமிலங்கள் இருப்பதால், அமான்டடினின் கூண்டு போன்ற கார்பன் உடல் அங்கே கச்சிதமாக அமர்கிறது. பிஎம்2-வின் சுவரில் 9, 12, 16 ஆகிய இடங்களில் செரின். நீரை விரும்பும் அந்தச் சுவரில் மருந்துக்குப் பிடிமானமே இல்லை.

மருந்து அமரும் இடமே ஒரு காலத்தில் சர்ச்சையாக இருந்தது. 2008-இல் நேச்சர் இதழில் இரண்டு கட்டமைப்புகள் வந்தன: ஒன்றில் மருந்து குழாய்க்குள், மற்றதில் குழாயின் வெளிப்புறம். 2010-இல் திண்ம நிலை என்எம்ஆர் (அணுக்களின் காந்தப் பண்பைக் கொண்டு மூலக்கூறின் வடிவை அறியும் முறை) ஆய்வு, வலுவான பிடிப்பு குழாய்க்குள்தான் என்று காட்டியது. ஆனால் அதற்கு முன்பே வைரஸ் தப்பிவிட்டது. எம்2-வின் 31-ஆம் இடத்துச் செரின் அஸ்பரஜினாக மாறியதே போதும்: மருந்து தோற்றது, வாய்க்கால் தொடர்ந்து ஓடியது. 2006 ஜனவரியில் அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் அமான்டடின் வகை மருந்துகளை ஃப்ளூவுக்குத் தவிர்க்கச் சொன்னது.

புரோட்டான் ஓடும் திசையிலும் வேறுபாடு உண்டு. எம்2-வில் 44-ஆம் இடத்து அஸ்பார்டிக் அமிலம் கதவை இறுக்கிப் பிடிப்பதால் புரோட்டான்கள் பெரும்பாலும் உள்நோக்கியே ஓடுகின்றன. பிஎம்2-வில் அதற்கு நேரான இடத்தில் கிளைசின். எனவே புரோட்டான்கள் இரு திசையிலும் போய்வர முடிகிறது.

பிறக்கும் விதமும் வேறு. இரண்டும் ஏழாம் மரபணுத் துண்டிலிருந்தே வருகின்றன. எம்2-வுக்கு ஆர்என்ஏ வெட்டி ஒட்டப்பட வேண்டும். பிஎம்2-விலோ, எம்1 முடியும் குறியும் அது தொடங்கும் குறியும் ஒன்றன்மேல் ஒன்று ஏறி நிற்க, புரதம் கட்டும் ரைபோசோம் நின்ற இடத்திலேயே மறுபடி தொடங்குகிறது.

பி வகையில் என்பி என்ற இன்னொரு சிறு புரதமும் வாய்க்காலாகக் கருதப்பட்டது. ஆனால் அதை நீக்கியும் வைரஸ் செல் வளர்ப்பில் பெருகியது. பிஎம்2 இல்லாமல் பெருகவில்லை. சி வகை இன்ஃப்ளூயன்சாவின் இணை வாய்க்காலான சிஎம்2 குளோரைடைக் கடத்தும் தனி ரகம்.

மருந்துக்கு எதைக் குறிவைப்பது என்று கேட்டால், சுவரை அல்ல, ஹிஸ்டிடினையே என்பேன். சுவரை மாற்றிக்கொண்டும் வைரஸ் பிழைக்கிறது. எம்2-வில் ஹிஸ்டிடினை மாற்றினால், புரோட்டானைப் பிற அயனிகளிலிருந்து பிரித்தறியும் திறனே போய்விடுகிறது. இரு வகைக்கும் பொதுவான இடமும் அதுவே. அங்கே நிலைத்துப் பிடித்து இரண்டு வாய்க்கால்களையும் அடைக்கும் மருந்து இன்னும் நோயாளியின் கைக்கு வரவில்லை.