ரோடோனைட் என்று சொல்லிச் சாயமேற்றிய கால்சைட்டைக் கொடுத்துவிட்டார்கள்

இளஞ்சிவப்புப் பரப்பில் கரிய நரம்புகள் ஓடும் ரோடோனைட் மீது எனக்கு நெடுநாள் ஆசை. முட்டை வடிவில் மெருகேற்றிய கல் ஒன்றை இணையத்தில் பார்த்ததும் பணம் கட்டிவிட்டேன். ஏமாந்துபோனேன்.

கையில் எடுத்தவுடனேயே கனம் போதவில்லை என்று தோன்றியது. ரோடோனைட் ஒரு மாங்கனீசு சிலிக்கேட். தண்ணீரைப் போல் சுமார் 3.5 மடங்கு அடர்த்தி கொண்டது. சமையலறைத் தராசில் கல்லை எடை போட்டேன்: 270 கிராம். பிறகு தராசின் மேல் தண்ணீர்ப் பாத்திரத்தை வைத்து, எண்ணைச் சுழியாக்கி, நூலில் கட்டிய கல்லை அடியில் தொடாதபடி முழுக்க அமிழ்த்தினேன். 100 கிராம் காட்டியது. கல் விலக்கிய தண்ணீரின் எடை அது. 270-ஐ அதனால் வகுத்தால் 2.7; தண்ணீரைப் போல் அத்தனை மடங்கு அடர்த்தி. ரோடோனைட் அல்ல என்பது அங்கேயே உறுதியாகிவிட்டது.

ஆத்திரத்தில் மற்றவற்றையும் செய்து பார்த்தேன். அசிட்டோன் நனைத்த பஞ்சில் இளஞ்சிவப்பு ஒட்டிக்கொண்டு வந்தது. கத்திமுனை பட்டதும் வெள்ளைத் தூள் உதிர்ந்தது; அதில் வினிகரை விட்டால் நுரைத்தது. சுண்ணாம்புக் கல்லின் முக்கியக் கனிமமான கால்சைட் இப்படித்தான் நடந்துகொள்ளும். ரோடோனைட்டின் கடினத்தன்மை, 1 முதல் 10 வரை போகும் மோஸ் அளவில் 5.5 முதல் 6.5 வரை, கத்திக்கு அவ்வளவு எளிதில் மசியாது, வினிகருக்கும் நுரைக்காது.

நான் பெரிதும் நம்பியது அந்தக் கரிய நரம்புகளைத்தான். உண்மைக் கல்லில் அவை மாங்கனீசு ஆக்சைடு. ஓரிடத்தில் தடித்து, ஓரிடத்தில் மெலிந்து, கல்லுக்குள்ளும் இறங்கியிருக்கும். எனக்கு வந்ததில் மேற்பரப்போடு நின்றுவிட்ட கோடுகள். சுரண்டிய இடத்தில் கறுப்பே இல்லை.

விற்றவரிடம் கேட்டதற்கு, “இது இயற்கைக் கல்தான்” என்று பதில் வந்தது. கால்சைட்டும் இயற்கைக் கல்தானே! விளம்பரத்தில் அந்தச் சொல்லைப் பார்த்து மயங்காதீர்கள். சாயம் ஏற்றவில்லை என்று அதற்குப் பொருளில்லை. அடுத்து, கீறல் விழுந்துவிட்டதால் திரும்பப் பெற முடியாது என்று கைவிரித்துவிட்டார். அதனால் முதலில் தண்ணீரில் எடை பாருங்கள். அது தடயம் விடாது. முரண்பட்டால் கத்தியைத் தொடாமல், தராசின் எண் தெரியும்படி படம் எடுத்து அனுப்புங்கள்.

வெண்பட்டைகள் கொண்ட இன்னொரு இளஞ்சிவப்புக் கல்லான ரோடோக்ரோசைட் வாங்குபவர்களுக்கும் ஒன்று சொல்லவேண்டும். அதன் கடினத்தன்மை 3.5 முதல் 4 வரைதான். அசல் கல்லிலும் கத்தி கீறிவிடும். அடர்த்தியோ சுமார் 3.7. அங்கேயும் தராசைத்தான் நம்பவேண்டும். பில்லில் கல்லின் பெயரோடு ‘சாயமேற்றப்படாதது’ என்றும் எழுதித் தரச் சொல்லுங்கள். மறுத்தால் வாங்காதீர்கள்.