டிஜியாத்திரா ஆப்: வேகத்துக்கு அஞ்சு ஸ்டார், நம்பிக்கைக்கு ரெண்டு

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், விமான நிலையத்தில் அடையாள அட்டைக்குப் பதில் முகத்தைக் காட்டி உள்ளே போக உதவும் டிஜியாத்திரா ஆப் நன்றாகவே வேலை செய்கிறது. "அரசாங்கம் சொல்ற ஆப்தானே, சொதப்பாம இருக்குமா" என்று இன்னும் தள்ளிப்போட்டுக் கொண்டிருப்பவர்களுக்காகத்தான் இதை முதல் வரியில் வைக்கிறேன். திங்கட்கிழமை விடிகாலையில் சென்னை உள்நாட்டு முனையத்தின் வாசல் எப்படி இருக்கும் என்று அந்த நேரத்து விமானம் பிடித்தவர்களுக்குத் தெரியும். ட்ராலியும் பெட்டியும் தூக்கம் கலையாத குழந்தைகளுமாக வரிசை நெளிந்து போகும், முன்னால் நிற்பவர் பையின் அடியாழத்தில் ஆதார் அட்டையைத் தேடிக்கொண்டிருப்பார். பக்கத்திலேயே டிஜியாத்திரா வழி. போர்டிங் பாஸின் பார்கோடைக் காட்டி, கேமராவை ஒரு நொடி நிமிர்ந்து பார்த்தால் கதவு திறந்துவிடும். உள்ளே பாதுகாப்புச் சோதனைப் பகுதிக்குப் போகும் இடத்திலும் அதே கதைதான்.

பதிவு செய்வதும் பெரிய வேலை இல்லை. செல்போன் எண், ஓடிபி, அரசின் ஆவணப் பெட்டக ஆப்பான டிஜிலாக்கர் வழியாக ஆதார், அப்புறம் ஒரு செல்ஃபி. ஆனால் அதோடு முடிந்தது என்று நினைத்து நேரே வாசலுக்குப் போய்விடாதீர்கள். ஒவ்வொரு பயணத்துக்கும் வெப் செக்-இன் முடித்து, போர்டிங் பாஸை ஆப்பில் ஏற்றி, விமான நிலையத்துக்குப் பகிர வேண்டும். நம் ஊர்க்காரர்களுக்கென்றே ஒரு தலைவலியும் உண்டு: இனிஷியல். ஆதாரில் ஒரு மாதிரி, டிக்கெட்டில் அப்பா பெயரை விரித்து எழுதி வேறு மாதிரி என்று இருந்தால் பெயர் பொருந்தவில்லை என்று நின்றுவிடும். டிக்கெட் போடும்போதே ஆதாரைப் பார்த்துப் போடுங்கள். அப்புறம், இது உள்நாட்டுப் பயணத்துக்கு மட்டும்தான். பெல்ட்டைக் கழற்றுவது, லேப்டாப்பைத் தட்டில் வைப்பது, விமான நிலையப் பாதுகாப்பைப் பார்க்கும் மத்தியப் படையான சிஐஎஸ்எஃப்பின் காவலர் தடவிப் பார்ப்பது எதிலும் ஒரு நிமிடம்கூடக் குறையாது.

சரி, இப்போது நம்பிக்கை விஷயத்துக்கு வருவோம்.

டிஜியாத்திரா தரப்பு சொல்வது இது: உங்கள் ஆதார் விவரமும் படமும் உங்கள் போனில்தான் மறையாக்கம் செய்து (அடுத்தவர் படிக்க முடியாதபடி) இருக்கும், மையமாக எங்கேயும் சேமிப்பதில்லை, விமான நிலையத்துக்குப் போகும் நகல் விமானம் கிளம்பிய 24 மணி நேரத்தில் அழிக்கப்படும். வடிவமைப்பாகப் பார்த்தால் இது நல்ல வடிவமைப்பு, குறை சொல்ல மாட்டேன். எல்லார் முகத்தையும் ஒரே இடத்தில் குவித்து வைக்கும் திட்டங்களோடு ஒப்பிட்டால் எவ்வளவோ மேல்.

ஆனால் விமானப் போக்குவரத்து அமைச்சகம் வெளியிட்ட டிஜியாத்திரா கொள்கை ஆவணத்தை எடுத்துப் படித்துப் பாருங்கள். பாதுகாப்பு அமைப்புகளுக்கும் மற்ற அரசுத் துறைகளுக்கும் அந்தந்த நேரத்து நடைமுறைப்படி பயணிகளின் தரவைத் தரலாம் என்று அதில் இருக்கிறது. பாதுகாப்புத் தேவை வந்தால் தரவை அழிக்கும் கால அளவை மாற்றிக்கொள்ளும் வசதி இருக்க வேண்டும் என்றும் இருக்கிறது. அப்படியானால் 24 மணி நேரம் என்பது வழக்கமான நாளுக்கான கணக்கு. வழக்கமில்லாத நாள் எது என்று யார் முடிவு செய்வார்கள், முடிவு செய்தால் நமக்குச் சொல்வார்களா என்பதற்கு ஆப்பில் எந்தத் திரையும் இல்லை.

கேட்டுத் தெரிந்துகொள்ளலாமே என்றால் அங்கேயும் முட்டுக்கட்டை. இதை நடத்துவது டிஜியாத்திரா ஃபவுண்டேஷன் என்ற லாப நோக்கமற்ற நிறுவனம். 26 சதவீதப் பங்கு இந்திய விமான நிலைய ஆணையத்திடம், மீதி டெல்லி, மும்பை, பெங்களூரு, ஹைதராபாத், கொச்சி விமான நிலைய நிறுவனங்களிடம். அரசு நிறுவனம் இல்லை, அதனால் தகவல் அறியும் உரிமைச் சட்டத்துக்குள் வராது என்பதுதான் அவர்கள் நிலை. அமைச்சர் தொடங்கி வைக்கிறார், ஆதாரை வைத்துப் பதிவு நடக்கிறது, சிஐஎஸ்எஃப் காவல் நிற்கும் வாசலில் ஓடுகிறது, ஆனால் கேள்வி கேட்டால் தனியார்! இதை எப்படி எடுத்துக்கொள்வது என்று நீங்களே சொல்லுங்கள்.

2024 டிசம்பரில், வருமான வரித்துறை இந்தத் தரவைப் பயன்படுத்தப் போகிறது என்று ஒரு செய்தி வந்தது. துறையும் டிஜியாத்திரா தரப்பும் உடனே மறுத்தார்கள், மறுப்பை நம்புகிறேன். ஆனால் படித்த எல்லோருக்கும் "இருக்கும்ப்பா" என்று தோன்றியதே, அதற்குக் காரணம் இருக்கிறது. 2023ல் வந்த தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்திலேயே, நாட்டின் பாதுகாப்பு, பொது ஒழுங்கு போன்ற காரணங்களைச் சொல்லி எந்த அரசு அமைப்புக்கும் முழு விலக்கு தர ஒன்றிய அரசால் முடியும்.

பாதுகாப்பே வேண்டாம் என்று சொல்லவில்லை. விடிய விடிய நின்று களைத்துப்போன காவலர் பத்து வருடத்துக்கு முந்தைய ஆதார் படத்தையும் என் முகத்தையும் மாறி மாறிப் பார்ப்பதைவிட, அடுத்தவர் டிக்கெட்டில் ஏற முயல்பவரை இயந்திரம் சரியாகப் பிடிக்கும். ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அந்தக் காவலர் அடுத்த ஆள் வந்ததும் என் முகத்தை மறந்துவிடுவார். இயந்திரம் மறக்க வேண்டுமென்றால் யாராவது மறக்கச் சொல்ல வேண்டும், அதைச் சரிபார்க்க இன்னொருவர் வேண்டும்.

தனியுரிமை அடிப்படை உரிமை என்று 2017ல் ஒன்பது நீதிபதிகள் கொண்ட உச்ச நீதிமன்ற அமர்வு சொன்னபோது, அதில் அரசு கை வைக்க வேண்டுமானால் முதலில் சட்டம் ஒன்று வேண்டும், நியாயமான நோக்கம் வேண்டும், அளவுக்கு மீறாமல் இருக்க வேண்டும் என்றது. டிஜியாத்திராவுக்கென்று தனிச் சட்டம் கிடையாது, கொள்கை ஆவணம்தான் இருக்கிறது. கேட்டால், விரும்புகிறவர்கள் மட்டும்தானே வருகிறார்கள் என்பார்கள்.

அந்த விருப்பத்தின் லட்சணத்தை ஒரு விமான நிலையத்தில் நேரில் பார்த்தேன், எந்த ஊர் என்று வேண்டாம். வாசலுக்கு முன்னால் டீ-ஷர்ட் போட்ட பையன் ஒருவன் சிரித்த முகத்தோடு போர்டிங் பாஸைக் கேட்டான். யாரோ ஊழியர் என்று நினைத்துக் கொடுத்தேன், ஸ்கேன் செய்த கையோடு கருவியை என் முகத்துக்கு நேரே தூக்கினான், "ஆயிடுச்சு சார், அந்தப் பக்கம் போங்க". என்ன ஆனது என்று கேட்பதற்குள் எனக்குப் பின்னால் வந்த வயதான தம்பதியின் படமும் எடுத்தாகிவிட்டது. அவர்களுக்கு டிஜியாத்திரா என்ற பெயராவது தெரிந்திருக்குமா என்பதே சந்தேகம். இப்படிப் புகார்கள் பல ஊர்களிலிருந்தும் வந்திருக்கின்றன, கட்டாயமில்லை என்று அமைச்சகமும் திரும்பத் திரும்பச் சொல்கிறது. வாசலில் நிற்பவர்களுக்கு யாராவது சொன்னால் தேவலை.

பாஸ்வேர்டை மாற்றலாம், முகத்தை மாற்ற முடியாது. 2024 மே மாதம் தமிழ்நாடு காவல்துறையின் முக அடையாள மென்பொருள் தளத்துக்குள் யாரோ புகுந்து தகவலை எடுத்துவிட்டார்கள். அதற்கும் டிஜியாத்திராவுக்கும் சம்பந்தமில்லை. ஆனால் அங்கே உள்ளே நுழைய ஒரு பயனர் கணக்கின் பாஸ்வேர்ட் கசிந்ததே போதுமாக இருந்தது, பெரிய ஹாலிவுட் திருட்டெல்லாம் இல்லை.

வாரம் ரெண்டு தடவை பறக்கிறவர் என்றால் டிஜியாத்திரா போடுங்கள், மிச்சமாகும் நேரம் நிஜம். வருடத்துக்கு ஒருமுறை அப்பா அம்மாவைக் கூட்டிப்போகிறவர்கள் பேசாமல் பழைய வரிசையிலேயே நில்லுங்கள், எப்படியும் அவர்களுக்காக நிற்கத்தான் போகிறீர்கள். டீ-ஷர்ட் பையன் வந்தால் "வேண்டாம் தம்பி" என்று சொல்ல உங்களுக்கு முழு உரிமை உண்டு, அடையாள அட்டையைக் காட்டிப் போகும் வாசல் எல்லா இடத்திலும் இருக்கிறது.

அடுத்த அப்டேட்டில் எனக்கு வேண்டியது ஒன்றே ஒன்று. இந்தப் பயணத்தின் முகப்படம் எந்த விமான நிலையத்துக்குப் போனது, எத்தனை மணிக்கு அழிந்தது, நடுவில் வேறு யாராவது கேட்டார்களா என்று காட்டும் ஒரு பக்கம். அதைக் கொடுத்தால் அன்றைக்கே வந்து இன்னொரு ஸ்டார் போடுகிறேன்.