43 இஞ்ச், ஆறு வருடம், பாழாய்ப்போன ஒரு செட்டிங்

பெங்களூரிலிருந்து சித்தி மகள் கேட்டிருந்தாள்: "அக்கா, வரி குறைஞ்சதுக்கப்புறம் உங்க வீட்டு டிவி கம்பெனியோட 43 இஞ்ச் விலை இறங்கியிருக்கு. எடுக்கலாமா?" எடு என்று ஒரு வார்த்தையில் பதில் போடத்தான் ஃபோனைக் கையில் எடுத்தேன். அந்த நேரம் பார்த்து யாரோ கீசரையும் ஹீட்டரையும் ஒன்றாகப் போட, லோடு தாங்காமல் கரன்டை வெட்டிவிடும் சுவிட்ச், எம்சிபி, விழுந்தது. டெல்லியில் டிசம்பர் வந்தால் எங்கள் மயூர் விகார் ஃபிளாட்டில் வாரம் இரண்டு முறை நடப்பதுதான். தூக்கிவிட்டுவிட்டு டிவியைப் போட்டேன். பழைய குருடி கதவைத் திறடி. செட்டிங் எல்லாம் போய், நான் அணைத்துவைத்திருந்த அசைவு செட்டிங் மறுபடி ஓடிக்கொண்டிருந்தது. ஒரு வார்த்தை பதில் இவ்வளவு நீளமாகிவிட்டதற்கு அதுதான் காரணம்.

முதலில் விலையை முடித்துவிடுகிறேன். 2019 தீபாவளிக்கு 32,000 கொடுத்து வாங்கினோம். அந்த வருடம் ஜனவரியிலிருந்தே 32 இஞ்ச் வரைக்குமான டிவிக்கு ஜிஎஸ்டி 28லிருந்து 18 சதவீதமாக இறங்கியிருந்தது. அதற்கு மேலே போனால் அதே 28. மாமனார் அப்போதே சொன்னார், "32 போதும்மா, பத்து பர்சென்ட் அநியாயமா கட்டணுமா?" என்று. மத்திய அரசு அலுவலகத்தில் முப்பத்தைந்து வருடம் ஃபைல் பார்த்தவர். நாங்கள் கேட்கவில்லை. 2025 செப்டம்பர் 22லிருந்து பெரிய டிவிக்கும் 18 ஆகிவிட்டது. அன்று காலை காபியை வைத்துவிட்டு என்னைப் பார்த்து ஒரு சிரிப்பு சிரித்தார், அவ்வளவுதான். ஒரு விஷயம்: வரியில் பத்து குறைந்தால் விலையில் பத்து குறையாது. 25,000 ரூபாய் சரக்கு 32,000க்கு விற்றது இப்போது 29,500. மிச்சம் 2,500. அதற்கு மேல் குறைத்தேன் என்று கடைக்காரர் சொன்னால் அது அவருடைய தாராளம், அரசாங்கத்தினுடையது இல்லை.

டிவி மோசமா என்றால் இல்லை. நிறம் நன்றாக இருக்கிறது, பக்கவாட்டில் தரையில் உட்கார்ந்து பார்த்தாலும் வெளுக்காது. 2023இல் ஒரு நாள் சத்தம் மட்டும் வந்தது, திரை கறுப்பு. கம்பெனி சர்வீஸில் பேனலையே மாற்றவேண்டும், 18,000 ஆகும் என்றார்கள். பக்கத்து மார்க்கெட்டிலிருந்து ஒரு பையனைக் கூட்டிவந்தோம். விளக்கை அணைக்கச் சொல்லிவிட்டு மொபைல் டார்ச்சைத் திரையோடு ஒட்டிப் பிடித்தான். கறுப்புக்குள்ளே மங்கலாகச் செய்தி வாசிப்பவரின் முகம் தெரிந்தது. பேனல் சாகவில்லை, பின்னாலிருந்து வெளிச்சம் கொடுக்கிற எல்இடி பட்டைதான் போயிருக்கிறது என்றான். கட்டிலில் போர்வை விரித்து டிவியைக் குப்புறப் படுக்கவைத்து, நாலு பட்டைகளை மாற்றி, 3,500 வாங்கிக்கொண்டு போனான். இரண்டு வருடமாக ஒரு குறை இல்லை. அவன் கைக்குத் தங்கக் காப்பு போடலாம்.

அப்புறம் ஏன் இந்தக் கோபம்? அசைவை வழவழப்பாக்குகிறேன் பேர்வழி என்று டிவிக்குள் உட்கார்ந்திருக்கிற ஒரு செட்டிங். ட்ரூமோஷன், மோஷன்ஃப்ளோ, ஆட்டோ மோஷன் பிளஸ் என்று கம்பெனிக்கு ஒரு பெயர். என்னுடையதில் வேறு ஒன்று. வேலை எல்லாவற்றிலும் ஒன்றுதான். சினிமா வினாடிக்கு 24 படம். திரையோ வினாடிக்கு 60 தடவை புதுப்பித்துக்கொள்கிறது. இடைவெளியை நிரப்ப, முன்னால் வந்த படத்தையும் பின்னால் வரும் படத்தையும் வைத்து, நடுவில் இப்படித்தான் இருந்திருக்கும் என்று டிவியே ஊகித்து ஒரு படம் செய்து செருகும். யாரும் எடுக்காத படம், யாரும் வரையாத படம். நல்ல சினிமா மெகா சீரியல் மாதிரி தெரியும். 2018 டிசம்பரில் டாம் குரூஸே வீடியோ போட்டு, வீட்டில் போய் இதை அணையுங்கள் என்று உலகத்தைக் கேட்டுக்கொண்டார். உலகம் கேட்டதோ இல்லையோ, டிவி கம்பெனிகள் இன்னும் பெரும்பாலும் இதைப் போட்டேதான் பெட்டியில் அடைத்து அனுப்புகிறார்கள்.

சாதாரணப் படத்தில் ஒரு மாதிரி பொறுத்துக்கொள்ளலாம். அனிமேஷனில் முடியாது. என் மகள் எட்டு வயது. ஸ்பைடர்மேன்: இன்டு தி ஸ்பைடர்வெர்ஸ் படத்தை இருபது தடவையாவது பார்த்திருப்பாள். அதில் ஒரு காட்டுக் காட்சி வரும். அனுபவசாலியான பீட்டரும் புதுசாகக் கற்றுக்கொள்ளும் பையன் மைல்ஸும் மரத்துக்கு மரம் தொங்கிப் போவார்கள். பீட்டருக்கு ஒவ்வொரு ஃபிரேமுக்கும், அதாவது அந்த 24 படத்தில் ஒவ்வொன்றுக்கும், ஒரு நிலை; மைல்ஸுக்கு ஒரே நிலையை இரண்டு ஃபிரேமுக்கு நிறுத்திவைத்திருப்பார்கள். 24க்குப் பதில் 12. அதனால் அவன் பக்கத்தில் மட்டும் ஒரு திக்கல் தெரியும், வித்தை இன்னும் கைவரவில்லை என்று வசனமே இல்லாமல் புரியும். எங்கள் டிவி அந்தத் திக்கலைப் பழுது என்று நினைத்துக்கொண்டது. மைல்ஸ் எண்ணெய் தடவினதுபோல் வழுக்கிக்கொண்டு போகிறான், நடுவில் ஒரு வெட்டு வெட்டுகிறான், கையைச் சுற்றிக் கானல்நீர் மாதிரி ஒரு கலங்கல். கலைஞர்கள் உட்கார்ந்து யோசித்துவைத்த தடுமாற்றத்தை ரிமோட்டைத் தொடுவதற்குள் திருத்திக் கொடுத்துவிட்டது. பையனுக்கு ஒரே நாளில் டியூஷன் முடிந்தது!

மகளுக்கு இந்தக் கணக்கெல்லாம் தெரியாது. "அம்மா, இன்னிக்கு ஸ்பைடர்மேன் போலியா இருக்கான்" என்றாள். இதைவிடச் சரியாக நான் சொல்லிவிட முடியாது.

கேமில் இது வேறு அவதாரம் எடுத்தது. மகன் கிரிக்கெட் கேம் ஆடுவான், யார்க்கர் வந்தால் ஸ்டம்ப் பறக்கும். எல்லா யார்க்கருக்கும். ரொம்ப நாள் அவனுக்குக் கை சரியில்லை என்றே நினைத்து, "கவனமா ஆடுடா" என்று உபதேசம் வேறு செய்திருக்கிறேன். மாமாதான், அதாவது என் மாமனார், ஒரு நாள் பேப்பரைத் தாழ்த்திவிட்டு, "இவன் சரியாத்தாம்மா அழுத்தறான், பந்து போனப்புறம் மட்டை வருது" என்றார்.

அளந்துபார்த்தோம். வீட்டுக்காரரின் ஃபோனில் வினாடிக்கு 240 படம் எடுக்கிற ஸ்லோமோஷன் இருக்கிறது. பையனின் கட்டைவிரலும் திரையும் ஒன்றாகத் தெரியும்படி பிடித்து, பட்டன் அமுங்கின படத்திலிருந்து மட்டை அசைந்த படம் வரை ஒவ்வொன்றாகத் தள்ளி எண்ணினோம். 45 படம். ஒரு வினாடியில் கிட்டத்தட்ட ஐந்தில் ஒரு பங்கு. கேம் மோடில் போட்டு எண்ணினால் 20. வித்தியாசம் பத்தில் ஒரு வினாடி. அதில் என்ன என்று தோன்றும். 140 கிலோமீட்டர் வேகப் பந்து மட்டைக்கு வந்துசேர மொத்தமே அரை வினாடிதான். பந்து பாதையில் ஐந்தில் ஒரு பங்கைக் கண்ணை மூடிக்கொண்டு ஆடியிருக்கிறான் என் பிள்ளை. காரணம் அதே வியாதிதான்: நடுப் படத்தைச் செய்யவேண்டுமானால் அடுத்த படம் கையில் வந்தாகவேண்டும். அதுவரை இருக்கிற படத்தைக் காட்டாமல் டிவி பிடித்துவைத்துக்கொள்கிறது. கேம் மோட் போட்டால் இந்த வேலையெல்லாம் நின்றுபோகும். அன்றைக்குச் சாயங்காலம் பையன் நாலு யார்க்கரைத் தடுத்தான். நான் அவனுக்கு ஒரு பாதாம் அல்வா கடன்பட்டிருக்கிறேன்.

சரி, அணைத்துவிட்டால் தீர்ந்ததே என்பீர்கள். அணைக்கலாம். அமைப்பு, படம், கூடுதல், தெளிவு, அப்புறம் இன்னும் இரண்டு கதவு. மொத்தம் ஏழு அமுக்கல். நான் ஒரு சீட்டில் எழுதி ரிமோட்டின் முதுகில் செலோடேப்பால் ஒட்டிவைத்திருக்கிறேன். மூன்றாவது சீட்டு இது. அதுவும் கேம் பெட்டி செருகுகிற எச்டிஎம்ஐக்குத் தனியாக அணைக்கவேண்டும், ஆண்டெனாவுக்குத் தனி, ஓடிடி ஆப்புக்குத் தனி. எல்லாம் செய்து முடித்து நிம்மதியாக இருந்தால், மென்பொருள் அப்டேட் வந்தால் போச்சு. மின்சாரம் பட்டென்று போனால் சில நேரம் நினைவிருக்கும், சில நேரம் இருக்காது. எல்இடி மாற்றினபோதும் போச்சு. ஆறு வருடத்தில் எத்தனை தடவை அணைத்திருப்பேன் என்று எண்ணவில்லை. எண்ணினால் தொலைக்காட்சியைப் பால்கனியிலிருந்து கீழே போடுவேன்.

இதில் ஒரு வேடிக்கை. வீட்டில் மூன்றாவது ரசிகர் ஒருவர் இருக்கிறார், அவருக்கு இந்த டிவியில் ஒரு குறையும் கிடையாது. கூட்டத்தொடர் நடக்கிற நாட்களில் காலை 11 மணிக்கு மக்களவைக் கேள்வி நேரம் ஆரம்பிப்பதற்கு முன்னால் மாமா நாடாளுமன்றத்தைக் காட்டுகிற சன்சத் டிவி முன் உட்கார்ந்துவிடுவார். இதே மயூர் விகாரிலிருந்து யமுனையைத் தாண்டினால் அந்தக் கட்டடம். ஆனால் 43 இஞ்சில்தான் அவருக்கு அது பக்கம். நம் ஊர் ஒளிபரப்பு வினாடிக்கு 25 படம், அதையும் 50 பாதிகளாக்கி அனுப்புகிறார்கள். அசைவு ஏற்கெனவே வழவழப்பாகத்தான் வரும், டிவி புதிதாகக் கெடுப்பதற்கு அங்கே ஒன்றும் இல்லை. ரீசெட் ஆனதும் நிறம் தூக்கலாகிவிடுகிறதா, மக்களவையின் பச்சைக் கம்பளம் ஆடிப்பெருக்கு வயல் மாதிரி மின்னுகிறது; மாநிலங்களவையின் சிவப்பு இன்னும் மோசம், அதாவது அவருக்கு இன்னும் அழகு. குரலை மட்டும் தூக்கிக் கொடுக்கிற ஒரு வசதி வேறு இருக்கிறது. கூச்சலுக்கு நடுவில் யார் என்ன சொன்னார்கள் என்று, வலது காது மந்தமான மனிதர், எங்களுக்குத் திருப்பிச் சொல்கிறார். பின்வரிசையில் யார் கண் அசந்தார் என்பது வரைக்கும். சொன்னால் கோபம் வரும், ஆனால் உண்மை: இந்த டிவியில் பார்க்க மிக நன்றாக இருக்கிற நிகழ்ச்சி நாடாளுமன்றம்தான்.

2025 ஆகஸ்ட் 20ஐ மறக்கமாட்டேன். ஆன்லைன் விளையாட்டு மசோதா. பகலில் அறிமுகம், சாயங்காலத்துக்குள் மக்களவையில் அமளிக்கு நடுவே குரல் வாக்கெடுப்பில் நிறைவேற்றம், மறுநாள் மாநிலங்களவை, 22ஆம் தேதி குடியரசுத் தலைவர் ஒப்புதல். மூன்றே நாள். பள்ளியிலிருந்து வந்த பையன் முகம் வெளிறி, "தாத்தா, கேமை எல்லாம் பேன் பண்ணிட்டாங்களாமே?" என்றான். மாமா அவனை உட்காரவைத்துப் பிரித்துச் சொன்னார்: காசு கட்டி ஆடுவதற்குத்தான் தடை, இ-ஸ்போர்ட்ஸுக்கு இல்லை, உன் கிரிக்கெட்டுக்கு இல்லை, நடத்துகிறவனுக்கு மூன்று வருடம் வரை சிறை, ஒரு கோடி வரை அபராதம், ஆடுகிறவனுக்குத் தண்டனை கிடையாது. தமிழ்நாட்டுச் சட்டத்தையும் இழுத்தார். 2022 அக்டோபரில் பேரவையில் நிறைவேறி, மார்ச்சில் ஆளுநரிடமிருந்து திரும்பி வந்து, மறுபடி நிறைவேறி, 2023 ஏப்ரலில்தான் கையெழுத்தானது.

"சட்டம் வேணும்தான், ரம்மியில எத்தனை குடும்பம் போச்சு. ஆனா ரெண்டு வார்த்தை பேசிட்டுப் போட்டிருக்கலாம்" என்று முடித்துவிட்டு, என் பக்கம் திரும்பி, "இந்த வேகம் உன் டிவிக்கு இருந்தா பையன் அவுட்டே ஆகமாட்டான்" என்றார்.

பையன் விடவில்லை. "நம்ம டிவி இல்லாத ஃபிரேமைச் சேர்க்குது தாத்தா, அங்க இருக்கவேண்டிய ஃபிரேமையே காணோம்."

அன்று இரவு அவனுக்கு இரண்டு தோசை கூடுதலாகக் கிடைத்தது. யார் சுட்டார் என்று கேட்காதீர்கள்.

இனி உன் கேள்விக்கு வருகிறேன், தங்கச்சி. பேனல் நல்லது, நிறம் நல்லது, பழுது பார்க்கச் செலவு குறைவு, ஆறு வருடம் உழைத்திருக்கிறது, விலையும் 2,500 இறங்கியிருக்கிறது. வாங்காதே. நேற்று கேட்டிருந்தால் வாங்கு என்றிருப்பேன். இன்றைக்குக் கேட்டாய், எம்சிபியும் விழுந்தது. அவசியம் அந்தக் கம்பெனிதான் வேண்டுமென்றால் கடையில் ரிமோட்டைக் கையில் வாங்கு. அசைவைத் திருத்தாமல் படத்தை எடுத்தபடியே காட்டுகிற ஃபிலிம்மேக்கர் மோட் இருக்கிறதா பார். கேம் பெட்டியைச் செருகினால் தானாகவே கேம் மோடுக்குப் போகிறதா பார். அப்புறம், கடைக்காரர் முறைத்தாலும் பரவாயில்லை, அசைவு செட்டிங்கை அணைத்துவிட்டு பிளக்கைப் பிடுங்கி மறுபடி சொருகிப் பார். நினைவு வைத்திருந்தால் யோசிக்கலாம்.

நான் இதை எழுதி முடிப்பதற்குள் ஏழு அமுக்கலில் நாலு முடித்திருந்தேன். மாமா கையை நீட்டி ரிமோட்டை வாங்கிக்கொண்டார். குளிர்காலக் கூட்டத்தொடர் டிசம்பர் 19ஆம் தேதி வரைக்கும் இருக்கிறதாம், "நல்லாத்தானேம்மா தெரியுது, எதுக்கு இப்ப அதைத் தொட்டுக்கிட்டு?"