ஒரே நிறுவல், ஐந்து அப்கிரேட்: டெபியனோடு 2016 முதல்

எங்கள் தெருவில் நண்பர்கள் சேர்ந்து நடத்தும் சின்ன நூலகத்துக்கென்று ஒரு கணினி இருக்கிறது. 2016-ல் அதில் டெபியன் என்ற லினக்ஸ் இயங்குதளத்தின் 8-ம் பதிப்பைப் போட்டேன். அதன்பிறகு 2017, 2019, 2021, 2023, 2025 என்று ஐந்து முறை அடுத்த பதிப்புக்கு ஏற்றியாயிற்று. இப்போது ஓடுவது டெபியன் 13, அதன் பெயர் ட்ரிக்ஸி. நடுவில் ஹார்ட் டிஸ்க்கை எடுத்துவிட்டு எஸ்எஸ்டி போட்டபோதும் இருந்ததை அப்படியே நகலெடுத்துக்கொண்டேன். அழித்துவிட்டுப் புதிதாக நிறுவியதே இல்லை.

எந்த லினக்ஸ் போடலாம் என்று கேட்கிறவர்கள் பெரும்பாலும் நிறுவும் நாளைத்தான் நினைக்கிறார்கள். அது இன்று எதிலும் அரை மணி நேர வேலை. மென்பொருளை நிறுவத் தயாரான தொகுப்பாக, அதாவது பேக்கேஜாகச் செய்தவர் எவ்வளவு அக்கறையாகச் செய்திருக்கிறார் என்பது இரண்டு வருடம் கழித்து, அப்கிரேட் அன்றுதான் தெரியும்.

நூலகப் பட்டியலை உலாவியில் காட்டுவது என்ஜின்எக்ஸ் என்ற வலைச் சேவையக மென்பொருள். அட்டைப்படங்களை ஸ்கேன் செய்து ஏற்ற அதன் இயல்பான 1 எம்பி வரம்பு போதவில்லை. அதனால் முதன்மை அமைப்புக் கோப்பில் ஒரு வரி சேர்த்திருந்தேன். 2021-ல் அப்கிரேட் பாதியில் நின்று கேட்டது: இந்தக் கோப்பை நீங்கள் மாற்றியிருக்கிறீர்கள், நாங்களும் மாற்றியிருக்கிறோம், எதை வைத்துக்கொள்வது? ‘டி’ அழுத்தினால் இரண்டுக்கும் உள்ள வேறுபாடு வரிவரியாகத் தெரிகிறது. என் வரி ஒருபுறம், இணைப்பை மறையாக்கும் டிஎல்எஸ் 1.3 சேர்ந்த அவர்கள் வரி மறுபுறம். பார்த்துவிட்டு என்னுடையதையே வைத்துக்கொண்டு, அவர்கள் வரியைக் கையால் சேர்த்தேன். யோசிக்காமல் என்டர் தட்டியிருந்தாலும் என் கோப்புதான் நின்றிருக்கும். பயனர் செய்த மாற்றம் அழியக்கூடாது என்பது டெபியன் கொள்கை ஆவணத்தில் எழுதிவைத்த விதி. இரண்டு பக்கமும் மாறியிருந்தால் மட்டும் கேள்வி வரும், மற்ற நேரங்களில் தொந்தரவே இல்லை.

தரவுத்தள மென்பொருளான போஸ்ட்கிரெஸ்க்யூஎல் விஷயத்தில் இந்த அக்கறை இன்னும் ஒரு படி மேலே. டெபியன் 12-ல் இருந்தது அதன் 15-ம் பதிப்பு, டெபியன் 13-ல் வருவது 17. இரண்டின் தரவுக் கோப்புகளும் ஒத்துப்போகாது. அதனால் அப்கிரேட் முடிந்த பிறகும் 15 தன் தரவோடு ஓடிக்கொண்டே இருக்கிறது. பக்கத்தில் 17 காலியாக, வேறு போர்ட்டில் (இணைப்பு எண்ணில்) எழுகிறது. ‘பிஜி_எல்எஸ்கிளஸ்டர்ஸ்’ என்று அடித்தால் இரண்டும் வரிசையாகத் தெரியும். காலியான 17-ஐ நீக்கிவிட்டு ‘பிஜி_அப்கிரேட்கிளஸ்டர்’ கொடுத்தேன். ஒரு தேநீர் குடித்து வருவதற்குள் தரவெல்லாம் புதியதற்கு மாறி, பழைய போர்ட் எண்ணும் புதியதற்கே வந்துவிட்டது. இதில் எனக்கு மிகவும் பிடித்தது, தேவையில்லாத பேக்கேஜ்களைத் தானாக நீக்கும் கட்டளைகூட பழைய 15-ஐத் தொடாது என்பது. அவசரக்காரன் கையில் தரவு போய்விடக்கூடாது என்று யாரோ உட்கார்ந்து யோசித்து அந்தப் பாதுகாப்பை வைத்திருக்கிறார்.

இத்தனை வருடத்தில் அப்கிரேட் உடைந்தது ஒரே முறை. ஸ்கேனருக்காக ஒரு நிறுவனத்தின் தனி ரெப்போவை, அதாவது பேக்கேஜ் களஞ்சியத்தைச் சேர்த்திருந்தேன். டெபியனின் வேறொரு பேக்கேஜுக்குச் சொந்தமான கோப்பின் மேலேயே அவர்கள் பேக்கேஜ் தன் கோப்பை எழுதப் பார்த்தது. பேக்கேஜ்களை நிறுவும் நிரலான டிபிகேஜி அதை அனுமதிக்கவில்லை, எல்லாம் பாதியில் நின்றது. அந்தப் பேக்கேஜை நீக்கி, உடைந்த சார்புகளை (ஒரு பேக்கேஜ் இயங்கத் தேவையான மற்ற பேக்கேஜ்களை) சரிசெய்யும் கட்டளை கொடுத்து மீள ஒரு மாலை போனது. அப்கிரேடுக்கு முன் வெளி பேக்கேஜ்களை எடுத்துவிடுங்கள் என்று வெளியீட்டுக் குறிப்புகளிலேயே இருக்கிறது. அன்று நான் படிக்கவில்லை. இப்போது ஐந்தாம் அத்தியாயத்தை முழுக்கப் படிக்காமல் தொடங்குவதில்லை. ட்ரிக்ஸியில் ‘/டிஎம்பி’ என்ற தற்காலிக அடைவு நினைவகத்துக்கு (ரேமுக்கு) போகிறது, கணினியை அணைத்தால் அதில் இருப்பது போய்விடும் என்பதை அங்கேதான் பார்த்தேன். ஸ்கேன் கோப்புகளைத் தற்காலிகமாக அங்கே போட்டுவைக்கும் பழக்கம் எங்களுக்கு உண்டு. முன்னாலேயே வேறு இடத்துக்கு மாற்றிவிட்டோம்.

குறை சொல்வதென்றால், மென்பொருள்கள் பழையனவாகத்தான் இருக்கும். ஒரு பதிப்பு வந்த பிறகு பெரும்பாலும் பாதுகாப்புத் திருத்தங்கள் மட்டுமே வரும். ஒவ்வொரு மாதமும் புதியது வேண்டுமென்றால் இது சரிப்படாது. என் மடிக்கணினியில் ஒரு வருடம் ஆர்ச் என்ற இன்னொரு லினக்ஸை வைத்திருந்தேன், அது வேகமாக ஓடுகிறவர்களுக்கு. அங்கே அமைப்புக் கோப்பு மாறினால் கேள்வி கேட்காமல் புதியதை ‘பேக்நியூ’ என்று பக்கத்தில் வைத்துவிட்டுப் போகும், தேடிச் சேர்ப்பது நம் வேலை. தினமும் கணினியைப் பார்க்கிறவருக்கு அது போதும். மாதம் ஒருமுறை நான் எட்டிப் பார்க்கும் நூலகக் கணினிக்குப் போதாது. அப்புறம், டெபியனில் ஒரு பதிப்பைத் தாண்டிக் குதிக்க வழியில்லை. 11-லிருந்து 13-க்குப் போக 12-ஐக் கடந்தே ஆகவேண்டும். அதனால் இரண்டு வருடத்துக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமையை இதற்கென்றே ஒதுக்குகிறேன். முந்தின நாள் பேக்கப் எடுத்துவைத்துவிட்டால் மதியச் சாப்பாட்டுக்குள் வேலை முடிந்துவிடுகிறது.