உப்புக்காற்றில் உயர்தர ஹெட்போன் ஆம்ப்: வால்வா, டிரான்சிஸ்டரா, ரிலேயா?

பாம்பனிலிருந்து தொண்டி வரை கடலை ஒட்டிக் குடியிருப்பவர் ஒரு லட்சத்துக்கு மேல் கொடுத்து மேசை ஹெட்போன் ஆம்ப் (ஒலிச் சமிக்ஞையைப் பெருக்கி ஹெட்போனுக்குத் தரும் கருவி) வாங்க நினைத்தால், ஒலியைப் பற்றிய கேள்வி இரண்டாவதாகத்தான் வர வேண்டும். ஐந்து வருடம் கழித்தும் அது சுத்தமாகப் பாடுமா என்பதே முதல் கேள்வி.

இங்கே எடுத்துக்கொள்வது மூன்று கருவிகள். போலந்தின் ஃபெலிக்ஸ் ஆடியோ யூஃபோரியா, டிரான்ஸ்ஃபார்மர் இல்லாத வெளியீடு கொண்ட ஓடிஎல் வால்வு ஆம்ப்; வால்வு என்பது பழைய ரேடியோவில் இருந்த கண்ணாடிக் குழாய். ஜெர்மனியின் எஸ்பிஎல் ஃபோனிட்டர் எக்ஸ், டிரான்சிஸ்டர் வகை. அமெரிக்காவின் பெஞ்ச்மார்க் எச்பிஏ4, டிஎச்எக்ஸ் நிறுவனத்தின் டிரான்சிஸ்டர் சுற்றும், ரிலே எனும் மின்காந்தச் சுவிட்சுகளால் இயங்கும் வால்யூமும் கொண்டது. நான் எடுத்தது பெஞ்ச்மார்க். அந்தச் சாய்வு கீழே தெரியும், மறைக்கவில்லை.

ஒலியைச் சுருக்கமாக முடித்துவிடலாம். ஓடிஎல் ஆம்பின் வெளியீட்டு மின்மறுப்பு (வெளியே போகும் மின்சாரத்துக்கு ஆம்பே காட்டும் தடை) பல பத்து ஓமில் தொடங்கி நூறைத் தாண்டும். 100 ஓம் என்றே வைத்துக்கொள்வோம். சென்ஹைசர் எச்டி 800 எஸ் 300 ஓம் ஹெட்போன். ஆனால் 100 ஹெர்ட்ஸ் பக்கத்தில் அதன் மின்மறுப்பு 600 ஓமைத் தாண்டும். கணக்குப் போட்டால் அந்த இடத்தில் பேஸ் எனும் அடித்தொனி ஒரு டெசிபலுக்குச் சற்று மேல் தூக்கும். வால்வின் 'கதகதப்பு' என்று ரசிக்கப்படுவதில் பெரும்பங்கு இதுதான், அந்த ஹெட்போனுக்கு அது நன்றாகவே பொருந்தும். அதே ஆம்பில் 20 ஓம் ஆடிஸி எல்சிடி-எக்ஸைச் செருகினால் மின்னழுத்தத்தில் ஆறில் ஒரு பங்குதான் ஹெட்போனுக்குப் போய்ச் சேரும். எல்சிடி-எக்ஸ் போன்ற பிளேனர் (தட்டையான காந்தப் படல) ஹெட்போன் வைத்திருப்பவர்கள் ஓடிஎல் பக்கமே போக வேண்டாம். மற்ற இரண்டுக்கும் இந்தத் தொல்லை இல்லை. ஹைஃபைமேன் சுஸ்வாரா போன்ற 60 ஓம், ஒரு மில்லிவாட்டுக்கு 83 டெசிபல் மட்டும் தரும் முரடனுக்கு 110 டெசிபல் வேண்டுமென்றாலும் அரை வாட், அதாவது ஐந்தரை வோல்ட் போதும். இரண்டும் அதைச் சிரமமில்லாமல் தரும்.

இனி உப்பு.

வைகாசியிலிருந்து கச்சான் எனும் தென்மேற்குக் காற்று அடிக்கும். ஐப்பசிக்குப் பிறகு வாடையும் மழையும். இரண்டு பருவத்திலும் காற்றோடு வரும் நுண்ணிய உப்பு, ஜன்னல் சாத்தியிருந்தாலும் உள்ளே வந்து படியும். படிந்த உப்பு காய்ந்திருக்கும்வரை அதிகக் கெடுதல் செய்யாது. காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டும்போது அது ஈரத்தை இழுத்துக் கரைந்து, மின்சாரம் கடத்தும் படலமாகிவிடும். பின்னில் பச்சை பூப்பதும், திருகில் துரு ஏறுவதும், வால்யூம் திருப்பும்போது கரகரப்பதும் அந்தப் படலத்தின் வேலை. நம் கரையில் இரவு ஈரப்பதம் இந்த எல்லையைத் தாண்டுவது சாதாரணம்.

ஒரு கணக்கு: அறை 30 டிகிரி, ஈரப்பதம் 85 சதவீதம். ஆம்பின் பெட்டிக்குள் மட்டும் 36 டிகிரி இருந்தால் அங்கே ஈரப்பதம் 61 சதவீதத்துக்கு இறங்கிவிடும். வெறும் ஆறு டிகிரி இளஞ்சூடு போதும், உப்பு கரையாது. ஆகவே கரையோரத்துக்கு ஏற்றது எப்போதும் லேசாகச் சூடாக இருக்கும், காற்றோட்டத் துளை குறைந்த பெட்டி. என் முடிவு இந்த ஒரு காரணத்தில்தான் நிற்கிறது.

யூஃபோரியா இந்த இடத்தில் எதிர்த்திசையில் இருக்கிறது. 6ஏஎஸ்7 வகைப் பவர் வால்வு ஒன்றின் ஹீட்டர், அதாவது வால்வைச் சூடாக்கும் உள்கம்பி, 6.3 வோல்ட்டில் 2.5 ஆம்பியர் இழுக்கும். அதற்கு முன்னால் வரும் சிறிய வால்வு 6எஸ்என்7 ஒன்று 0.6 ஆம்பியர். இரண்டு இரண்டாக நான்கு வால்வு, ஹீட்டருக்கு மட்டும் 39 வாட். அந்தச் சூடு மேலே எழும்பும்போது அறைக் காற்றை, உப்போடு சேர்த்து, கருவியைச் சுற்றி இழுத்துக்கொண்டே இருக்கும். ஓடும்போது எல்லாம் காய்ந்திருக்கும். அணைத்த பிறகுதான் வினை: பெட்டி ஆறும், படிந்த உப்பு இரவு முழுக்க ஈரம் குடிக்கும். அணைக்காமலே விடலாம் என்றால் வருடத்துக்கு 8,760 மணி நேரம். பவர் வால்வின் ஆயுள் சில ஆயிரம் மணி நேரம்தான்.

இன்னொன்று இணைப்புகளின் எண்ணிக்கை. நான்கு ஆக்டல் சாக்கெட்டில் எட்டு எட்டு பின், மொத்தம் 32 அழுத்து இணைப்பு, எல்லாம் வெளிக்காற்றுக்குத் திறந்தவை. 2025 ஏப்ரலில் திறந்த புதிய பாம்பன் பாலத்தில் இணைப்புகளை முழுக்க வெல்டிங் செய்ததும், துருப்பிடிக்காத எஃகுக் கம்பி போட்டதும் எதற்காக என்று யோசித்தால் புரியும்: உப்பு முதலில் நுழையும் இடம் இணைப்புதான்.

ஃபோனிட்டர் எக்ஸ் இரண்டுக்கும் நடுவில். கிராஸ்ஃபீடு வசதி, அதாவது ஹெட்போனில் ஸ்பீக்கர் முன் உட்கார்ந்தது போலக் கேட்கச் செய்யும் சுற்று, வேறெதிலும் இவ்வளவு நன்றாக இல்லை. அதற்காகவே வாங்குபவரைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் ஒலி அதில் ஆல்ப்ஸ் ஆர்கே27 வகை பொட்டென்ஷியோமீட்டர் (திருகினால் வால்யூம் மாறும் மின்தடை) வழியாகவும் பல சுவிட்சுகள் வழியாகவும் போகிறது. பொட்டென்ஷியோமீட்டரின் உலோக உறை காற்றுப் புகாத அடைப்பு அல்ல. முதலில் குறைந்த வால்யூமில் இடது வலது சமநிலை தடுமாறும், பிறகு கரகரப்பு வரும்.

பெஞ்ச்மார்க்கில் வால்யூம் 256 படி, படிக்கு அரை டெசிபல், எல்லாம் தங்கத் தொடுமுனை கொண்ட மூடிய ரிலேக்கள். சூடும் குறைவு, அணைக்காமல் விடலாம். பத்து வாட் இழுக்கும் ஒரு கருவியை நாள் முழுக்கப் போட்டுவைத்தாலும் மாதம் ஏழு யூனிட்டுக்குச் சற்று மேல்தான். வால்யூம் மாற்றும்போது டிக் டிக் என்று சத்தம் கேட்கும், அதற்குப் பழக வேண்டும். வழக்கமான 6.35 மி.மீ. ஜாக்கை விட நான்கு பின் எக்ஸ்எல்ஆர் இணைப்பு வழியாகவே ஹெட்போனை மாட்டுங்கள். இரண்டிலும் வருவது ஒரே ஒலிதான். ஆனால் எக்ஸ்எல்ஆரில் இடது வலதுக்குத் தனித்தனி திரும்பு கம்பி, பொது கிரவுண்டு முனை அழுக்காகி ஒலி கலங்கும் வாய்ப்பு இல்லை.

அதன் பலவீனத்தையும் சொல்ல வேண்டும். ரிலே ஒன்று கெட்டால் சில படிகளில் மட்டும் ஒரு பக்கம் சட்டென்று தாழும் அல்லது தூக்கும். நுண்பாகங்கள் ஒட்டிய போர்டு. மதுரையில் பழைய ரேடியோ பார்க்கும் கைதேர்ந்த மெக்கானிக்கிடம் வால்வு ஆம்பைத் தைரியமாகக் கொடுக்கலாம், இதைக் கொடுக்க முடியாது. உத்தரவாதத்தை யார் ஏற்கிறார், அனுப்பும் செலவு யாருடையது என்று வாங்கும் முன்பே எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

கரண்ட் விஷயத்திலும் அதே வரிசைதான். 190 வோல்ட்டுக்கு இறங்கினால் வால்வின் 6.3 வோல்ட் ஹீட்டர் 5.2 ஆகிவிடும். பொதுவாக அனுமதிப்பது பத்து சதவீதம் முன்பின். அதற்குக் கீழே ஓட்டினால் வால்வுக்குள் எலக்ட்ரானை வெளிவிடும் கேத்தோடு கெடும். சதுர அலை இன்வெர்ட்டர் இன்னும் மோசம். வீட்டு மின்சாரத்தின் சைன் அலை உச்சம் 325 வோல்ட், சதுர அலையில் 230ஐ ஒட்டித்தான். ஹீட்டர் சரியாக எரியும், அந்த உச்சத்திலிருந்து எடுக்கும் வால்வின் உயர் மின்னழுத்தம் மட்டும் 30 சதவீதம் சரியும். ஃபோனிட்டரின் டிரான்ஸ்ஃபார்மரும் சதுர அலையில் உறுமும். எச்பிஏ4இன் ஸ்விட்ச்சிங் சப்ளை 100 முதல் 240 வோல்ட் வரை எதையும் ஏற்பதால் இதைப் பொருட்படுத்தாது. ஆனால் உப்பு தின்ற கம்பத்தில் நியூட்ரல் அறுந்தால் வீட்டுக்குள் 400 வோல்ட்டை நெருங்கலாம், அப்போது மூன்றுமே போய்விடும். அதிக மின்னழுத்தத்தில் தானாகத் துண்டிக்கும் ஸ்டெபிலைசர் எதை வாங்கினாலும் கட்டாயம். எர்த் குழியில் ஜிஐ குழாய் என்றால் வருடா வருடம் பாருங்கள். உவர்மண் மின்சாரத்தை நன்றாகக் கடத்தும், குழாயையும் சீக்கிரம் தின்றுவிடும். செம்பு பூசிய ராடு மேல்.

வீடு பரமக்குடி, கமுதி பக்கம் உள்ளே இருந்து, கையில் எச்டி 800 எஸ் போல 300 ஓம் ஹெட்போன் மட்டும் இருந்தால் என் பதில் மாறும். அங்கே யூஃபோரியாவே வாங்குங்கள். கரையிலேயே இருந்துகொண்டு வால்வுதான் வேண்டும் என்பவர்கள் வருடத்துக்கு இருமுறை, கச்சான் ஓய்ந்ததும் வாடை ஓய்ந்ததும், பின்களைச் சுத்தம் செய்தாக வேண்டும். பிளக்கைக் கழற்றி ஒரு மணி நேரம் ஆறவிடுங்கள். அடிப்பாகத்தைப் பிடித்து நேராக மேலே இழுங்கள். கண்ணாடியைப் பிடித்துத் திருகினால் அடிப்பாகத்தின் பசை விட்டுவிடும். 99 சதவீத ஐசோப்ரொப்பைல் ஆல்கஹால் நனைத்த பருத்தித் துணியால் ஒவ்வொரு பின்னையும் துடையுங்கள். கான்டாக்ட் கிளீனரைச் சாக்கெட்டுக்குள் பீய்ச்சாமல் பின்னில் ஒரு சொட்டு விட்டு, வால்வை மூன்று நான்கு முறை செருகி எடுங்கள். கதவுக் கீலுக்கு அடிக்கும் துரு நீக்கி ஸ்பிரே கூடவே கூடாது, எண்ணெய்ப் படலம் நின்று உப்பைப் பிடித்துவைக்கும். கால் மணி நேரம் காய்ந்த பிறகே கரண்ட். பெட்டியின் அடித்தட்டைத் திறக்க வேண்டாம், உள்ளே கப்பாசிட்டரில் உயிருக்கு ஆபத்தான மின்னழுத்தம் அணைத்த பிறகும் தங்கியிருக்கும். தினமும் கேட்டு முடித்து நன்றாக ஆறிய பின் முழு ஆம்பையும் கெட்டிப் பருத்தித் துணியால் மூடுங்கள். பிளாஸ்டிக் உறை போட்டால் ஈரம் உள்ளேயே தங்கும்.