பேஸ் இசைக்கு ஹார்டுவேர் சின்தசைசர்: ஆறு வருட அனுபவம்

ஆறு வருடமாக என் மேசையில் இரண்டே கருவிகள்தான் நிலைத்து நிற்கின்றன. ஒன்று, ஒரு நேரத்தில் ஒரே சுரம் வாசிக்கும் அனலாக் சின்தசைசர் (மின்சுற்றால் ஒலியை உருவாக்கும் கருவி): ஒலி அலையைத் தரும் இரண்டு ஆஸிலேட்டர், அவற்றுக்குக் கீழே தாழ்ந்த சுரம் தரும் ஒரு சப் ஆஸிலேட்டர், மேற்பகுதி ஒலியை வெட்டும் ஒரு லேடர் ஃபில்டர். இன்னொன்று, டிரம் சாம்பிள்களை (பதிவு செய்த ஒலித் துண்டுகளை) ஓட்டி, மிடி (கருவிகள் பேசிக்கொள்ளும் முறை) வழியாக அந்த சின்தசைசரையும் வாசிக்க வைக்கும் சீக்வென்சர். நடுவில் வந்துபோன கருவிகள் பல. டப்ஸ்டெப், டிரம் அண்ட் பேஸ், எலக்ட்ரோ என்று நான் எந்த நடன இசையைச் செய்தாலும் பாரத்தைத் தாங்குவது பேஸ், அதாவது தாழ்ந்த அடி ஒலிதான். அதனால் பேஸை வைத்தே சொல்கிறேன்.

நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன். ஒரு கை கட்ஆஃப் குமிழில் (ஃபில்டர் எங்கே வெட்டத் தொடங்கும் என்பது), இன்னொரு கை ரெசொனன்ஸில் (வெட்டும் இடத்தைத் துருத்திக் காட்டுவது), சீக்வென்ஸ் தன்பாட்டுக்கு ஓடிக்கொண்டிருக்கிறது. அப்படிப் பதிவு செய்த எட்டு பாரில் (தாளச் சுற்றில்) வரும் உயிரோட்டத்தை, கணினியில் மவுஸால் கோடு போட்டு நான் ஒருநாளும் கொண்டுவந்ததில்லை. ரோலண்ட் நிறுவனத்தின் டிபி-303 என்ற பேஸ் சின்தசைசரின் கதையே இதுதானே. 1981இல் பேஸ் கிட்டாருக்குப் பதிலாக இருக்கட்டும் என்று செய்தார்கள். சரியாக விற்கவில்லை, 1984இல் நிறுத்திவிட்டார்கள். பிறகு சிகாகோவில் மலிவாகக் கிடைத்த அதை வாங்கியவர்கள், ஓடும்போதே குமிழ்களைத் திருகினார்கள். ஆசிட் ஹவுஸ் என்ற நடன இசை அங்கே பிறந்தது.

ஆனால் அடித்தளத்து ஒலி, அதாவது சுமார் 100 ஹெர்ட்ஸுக்குக் கீழே இருப்பது, என்னை நிறையச் சோதித்தது. முதல் வருடம் முழுக்க ரீஸ் பேஸில் போயிற்று. டெட்ராய்ட்டின் கெவின் சாண்டர்சன் 1988இல் ரீஸ் என்ற பெயரில் வெளியிட்ட பாடலிலிருந்து வந்த ஒலி அது. கேசியோ சிஇசட்-5000 என்ற டிஜிட்டல் கருவியில் செய்தது. அனலாக் இருந்தால்தான் கனமான பேஸ் வரும் என்ற என் நம்பிக்கை அதைத் தெரிந்துகொண்ட அன்றே போய்விட்டது. செய்முறை எளிது: இரண்டு ரம்பப் பல் அலைகளைக் கொஞ்சம் சுருதி விலக்கி ஒன்றாக ஓட்ட வேண்டும். ஹெட்ஃபோனில் அருமையாக இருந்த அந்த ஒலி, சப்வூஃபரில் போட்டதும் வருவதும் போவதுமாக இருந்தது.

காரணம் கணக்கில் இருக்கிறது. ஒரு ஆஸிலேட்டர் 55 ஹெர்ட்ஸ், இன்னொன்று 55.5 என்றால், இரண்டு நொடிக்கு ஒரு முறை அடிப்படைச் சுரங்கள் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். பத்தாவது மேற்சுரத்தில் (அடிப்படையின் பத்து மடங்கில்) அதே விலகல் 5 ஹெர்ட்ஸாகப் பெருகி, நொடிக்கு ஐந்து முறை அதிரும். நாம் ஆசைப்படும் உறுமல் அந்த மேற்சுரங்களில்தான் இருக்கிறது. அதனால் இப்போதெல்லாம் ரீஸை 100 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டிவிட்டு, அடியில் மேற்சுரமே இல்லாத ஒரே ஒரு சைன் அலையைத் தனியாக வைக்கிறேன், அதுவும் மோனோவில் (இடம், வலம் என்று பிரிக்காமல்). ஸ்டுடியோவில் இரண்டு தடவையாகப் பதிவு செய்வேன்; மேடையில் அந்த சைன் சீக்வென்சரில் இருக்கும் சாம்பிளிலிருந்து வரும்.

லேடர் ஃபில்டர் பற்றி ஒரு வார்த்தை. ரெசொனன்ஸை ஏற்ற ஏற்ற அடி ஒலி மெலிந்துகொண்டே போகும். அது பழுதில்லை, அந்தச் சுற்றின் இயல்பு. அடியில் சைனைத் தனியாக வைத்தபின் இந்தக் கவலையும் தீர்ந்தது.

அப்புறம் கிக், அதாவது டிரம்மின் தாழ்ந்த அடி. என் சின்தில் ஆஸிலேட்டர்கள் நிற்காமல் ஓடிக்கொண்டே இருப்பவை. ஒவ்வொரு சுரமும் அலையின் வெவ்வேறு இடத்தில் தொடங்கும். ஒரு தடவை கிக்கின் வாலோடு சேர்ந்து முழங்கும், அடுத்த தடவை அதே சுரம் கிக்கோடு மோதி மெலிந்துபோகும். மிக்ஸில் தவறு என்று வாரக்கணக்கில் ஈக்யூவை (தாழ்ந்த, உயர்ந்த ஒலிகளைத் தனித்தனியே கூட்டிக் குறைப்பது) திருகிக்கொண்டிருந்தேன். சாவியை அழுத்தும்போது அலையைத் தொடக்கத்துக்குக் கொண்டுவரும் ரீசெட் என்று ஒன்று மெனுவில் இருந்தது. அதைப் போட்டதும் கிக்கும் பேஸும் ஒவ்வொரு முறையும் ஒரே மாதிரி சேர்ந்தன. மெதுவாக எழும் நீண்ட சுரங்களுக்கு மட்டும் அதை அணைத்து வைக்கிறேன்.

மேடையில் பட்டது வேறு கதை. சேமித்த பேட்சை (ஒலி அமைப்பை) அழைத்தால் ஒலி மாறும், குமிழ் மட்டும் பழைய இடத்திலேயே இருக்கும். பாட்டு முழுக்க பேஸை அடக்கி வைத்து, அது இறங்கும் இடத்தில் கட்ஆஃபை மெதுவாகத் திறக்கலாம் என்று தொட்டேன். ஒலி ஒரே தாவலில் முழுதாகத் திறந்துவிட்டது. கூட்டம் ஆடிக்கொண்டுதான் இருந்தது, எனக்குத்தான் நெஞ்சு நின்றுவிட்டது. குமிழ் சேமித்த மதிப்பைக் கடந்த பிறகே வேலை செய்யும்படி அமைத்த நாளிலிருந்து அந்தப் பயம் இல்லை. நிகழ்ச்சி தொடங்குவதற்கு 20 நிமிடம் முன்பே கருவியைப் போட்டுச் சூடாக்குகிறேன். குளிர்ந்த ஆஸிலேட்டர் சுருதியில் நிற்காது, பேஸில் அந்த விலகல் வயிற்றில் தெரியும்.

எல்லாவற்றையும்விட அதிகம் அலைக்கழித்தது மின்சார இரைச்சல். அது 50 ஹெர்ட்ஸில் இருக்கும் (சில நாடுகளில் 60). ஜி1 சுரம் 49 ஹெர்ட்ஸ். ஜி-யில் அமைத்த என் பாடல் ஒன்றின் அடியில் ஒரு சீரான அலைச்சல் கேட்டதும், அதைச் சுருதிப் பிழை என்றே நம்பினேன். லேப்டாப்போடு யுஎஸ்பி ஒரு வழி, ஆடியோ கேபிள் இன்னொரு வழி என்று இரைச்சலைத் தரும் எர்த் வளையம் உண்டாகியிருந்தது. யுஎஸ்பியைக் கழற்றிவிட்டு ஐந்து முனை மிடி கேபிளுக்கு மாறினேன். 1983இல் வந்த அந்த முறையில் தகவல், வாங்கும் கருவிக்குள் ஒளி வழியாகத் தாண்டுவதால் இரண்டு கருவிகளும் மின்சாரத்தால் இணைவதில்லை. இன்று வரை அதே கேபிள்தான். அறிமுகமில்லாத மேடைகளுக்கு மின்தொடர்பைப் பிரித்து ஒலியை மட்டும் கடத்தும், டிரான்ஸ்ஃபார்மர் வைத்த டிஐ பெட்டியும் கூட வரும்.

மென்பொருளை விட்டுவிடவில்லை. தொகுப்பதும் மிக்ஸ் செய்வதும் கணினியில்தான். சின்ன ஸ்பீக்கரிலும் பேஸ் கேட்க வேண்டுமென்று சைனில் கொஞ்சம் சாச்சுரேஷன் (மேற்சுரங்களைக் கூட்டும் லேசான சிதைவு) சேர்ப்பதும் அங்கேதான். மேற்சுரங்கள் கேட்டால் போதும், இல்லாத அடிச் சுரத்தைக் காது தானே நிரப்பிக்கொள்ளும். ஒரே சுரம் வாசிக்கும் கருவியில் அடுக்கு அடுக்காகப் பதிவது நேரம் தின்னும் வேலை. பழைய பாடலைத் திறந்து ஒரு சுரத்தை மட்டும் மாற்றுவதும் சுலபமில்லை, அதனால் குமிழ்களைப் படமெடுத்துக் கோப்போடு வைக்கிறேன்.

பேஸுக்கென்று முதல் கருவி வாங்கப்போகிறவர் மூன்றை மட்டும் சோதித்துப் பாருங்கள்: சப் ஆஸிலேட்டரின் அளவைத் தனியாக வைக்க முடிகிறதா, அலை ரீசெட் இருக்கிறதா, குமிழ் தாவாமல் தடுக்க முடிகிறதா. கடையில் இருக்கும் பேட்சுகளைக் கேட்டு முடிவு செய்யாதீர்கள். எல்லாவற்றையும் அணைத்து, ஒரே ஆஸிலேட்டரில் ஒரு தாழ்ந்த சுரத்தைப் பிடித்துக்கொண்டு கட்ஆஃபை மெதுவாகத் திறந்து பாருங்கள். பத்து நிமிடம் கழித்தும் கையை எடுக்க மனம் வரவில்லையென்றால் வாங்கிக்கொள்ளுங்கள்.